உறவுமுறை என்ற இடத்தில் என்ன எழுதுவது?

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே முப்பத்தொரு வருடமாக ஆவண எழுத்தராக உட்கார்ந்திருக்கிறேன். மதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊர். பத்திரத்தில் நான்கு எல்லையை எழுதுவதைவிட நிதானமாக நான் எழுதும் வரி ஒன்று உண்டு. எழுதிக் கொடுப்பவருக்கு எழுதி வாங்குபவர் என்ன உறவு என்று சொல்லும் வரி அது. மனைவி என்றால் ஒரு கட்டணம், மகள் என்றால் ஒரு பாத்தியதை, உறவில்லை என்றால் எல்லாமே மாறிவிடும்.

போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் இரண்டு பெண்கள் வந்தார்கள். மூத்தவருக்கு 52 வயது, நூற்பாலையில் மேற்பார்வையாளர். இளையவருக்கு 49, வீட்டு முன்பக்கத்திலேயே தையல் கடை. பத்தொன்பது வருடமாக ஒரே வீட்டில் குடித்தனம். தெருவில் கேட்டால் ஒன்றுவிட்ட அக்கா தங்கச்சி என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். வீடு மூத்தவர் பெயரில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். சேர்த்த ஆஸ்பத்திரியில், "ரத்த சம்பந்தம் யாராவது கையெழுத்துப் போடணும்" என்று இளையவரை ஒதுக்கிவிட்டார்கள். பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பிக்கு போன் போட்டு, அவர் திருப்பூரிலிருந்து வந்து சேரும்வரை ஐந்து மணி நேரம் வராந்தாவில் நின்றிருக்கிறார் இளையவர்.

மஞ்சப்பையிலிருந்து கிரயப் பத்திரம், பாஸ்புக், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி பில் என்று ஒவ்வொன்றாக என் மேசையில் எடுத்து வைத்தார் மூத்தவர். "அக்கா, எனக்கு ஏதாவது ஆனா இவ தெருவுல நிக்கக் கூடாது. என்ன எழுதணுமோ எழுதுங்க" என்றார்.

அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னதையும், அதற்குப் பிறகு வந்த, அவர்களைப் போலவே கல்யாணம் என்ற காகிதம் இல்லாமல் சேர்ந்து வாழும் இரண்டு மூன்று ஒரே பாலின இணைகளுக்குச் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. சிக்கலான சொத்து என்றால் வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டும். காசில்லை என்று தயங்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

முதலில் நிலவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே பாலினத்தவர் இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஒரே பாலின உறவைக் குற்றமாக்கி வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைச் சுருக்கியதோடு அந்தப் பயம் போய்விட்டது. கல்யாணம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. 2023 அக்டோபர் 17ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, திருமணம் செய்வது அடிப்படை உரிமை ஆகாது, சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. கல்யாணம் என்று சொல்லாமல் வேறு ஒரு பெயரிலாவது இணைவை அங்கீகரிக்கலாமா என்ற கேள்வியில் இரண்டு பேர் ஆகலாம் என்றார்கள், மூன்று பேர் முடியாது என்றார்கள். 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுவும் தள்ளுபடி ஆனது.

ஆனால் அதே தீர்ப்பில் ஐவரும் ஒப்புக்கொண்ட ஒன்று உண்டு. திருநங்கை ஒருவர் ஆணை மணப்பதும், திருநம்பி ஒருவர் பெண்ணை மணப்பதும் இப்போதுள்ள சட்டத்திலேயே செல்லும். இதற்கு வழி போட்டது நம்ம ஊர்தான். 2018இல் தூத்துக்குடி சங்கரராமேஸ்வரர் கோவிலில் ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதைப் பதிவு செய்ய அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22ஆம் தேதி கொடுத்த தீர்ப்பில், இந்து திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்றார். உங்கள் இணையில் ஒருவர் திருநங்கை அல்லது திருநம்பி என்றால் முதலில் அந்தத் தீர்ப்பின் நகலோடு பதிவுக்குப் போங்கள். கீழே நான் சொல்லப்போகும் சுற்றுவழி பாதியும் உங்களுக்குத் தேவைப்படாது.

உயில்தான் தலைமகன்

மூத்தவர் கேட்டார், "நான் பாட்டுக்கு செத்துப்போனா வீடு யாருக்குக்கா போகும்?" அவர் இந்து, கல்யாணம் ஆகாதவர், அப்பா அம்மா இல்லை. உயில் இல்லாமல் காலமானால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி அப்பாவின் வாரிசுகளுக்குப் போகும். அதாவது அந்தத் தம்பிக்கு. பத்தொன்பது வருடம் கஞ்சி வைத்துக் கொடுத்தவருக்கு அந்தப் பட்டியலின் எந்த வரியிலும் இடமில்லை.

ஆகவே உயில். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் உங்கள் நிலைமையில் பதிவு செய்தே ஆகுங்கள். வீட்டில் மூலையில் கிடந்த தாளை "பொய் உயில்" என்று சொல்வது சுலபம். சார்பதிவாளர் முன்னால் போட்டோவும் விரல் ரேகையும் வைத்த தாளை அப்படிச் சொல்வது கஷ்டம். உயிலுக்கு எந்தச் சார்பதிவாளர் அலுவலகமும் ஆகும், சொத்து இருக்கும் ஊரிலேயே பதிய வேண்டும் என்பதில்லை. உள்ளூரில் ஆள் தெரியும் என்ற கூச்சம் இருந்தால் பக்கத்து டவுனுக்குப் போங்கள். யாருக்குமே தெரியக் கூடாது என்றால் உறையில் போட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் வழி இருக்கிறது.

சாட்சி விஷயத்தில் நான் கண்டிப்பானவள். உங்களைவிட வயதில் சின்னவர்களாகப் பாருங்கள். நாளைக்கு வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறி, இவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். எழுபது வயதுப் பெரியவரை மரியாதைக்காகச் சாட்சி போட்டால் அந்த நாளில் அவர் இருக்க மாட்டார். சொத்து வாங்கப்போகிறவர் சாட்சியாகக் கூடாது. உயில் எழுதும் அன்றைக்கே ஒரு டாக்டரிடம் நல்ல சுயநினைவோடு இருக்கிறார் என்று சான்று வாங்கி உள்ளே வையுங்கள்.

எழுதும் முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் வழக்குகள் தோற்பது இங்கேதான். ரத்த உறவை விட்டுவிட்டு வெளியாருக்கு எழுதினால் நீதிமன்றம் சந்தேகக் கண்ணோடு பார்க்கும். ஆகவே காரணத்தை உயிலிலேயே சொல்ல வேண்டும். மூத்தவருக்கு நான் எழுதியது இது:

"கடந்த 19 வருடங்களாக என்னுடன் ஒரே வீட்டில் கூடி வாழ்ந்து, என் சுகதுக்கங்களில் பங்கெடுத்து, நான் நோய்வாய்ப்பட்ட காலங்களில் என்னைப் பராமரித்து வருபவரும், என் வாழ்க்கைத் துணைவியுமான மேற்படியாருக்கு, அடியிற்கண்ட சொத்து என் ஆயுளுக்குப் பின் சர்வ சுதந்திரமாய்ச் சேர வேண்டியது. என் உடன்பிறந்த தம்பிக்கு எங்கள் தகப்பனார் வழிச் சொத்தில் சேர வேண்டியதை அவர் ஏற்கெனவே பெற்றுக்கொண்டுவிட்டபடியால் அவருக்கு இச்சொத்தில் எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை. இதை நான் எனது பூரண மனச்சம்மதத்துடனும், பிறர் தூண்டுதல் இல்லாமலும் எழுதி வைக்கிறேன்."

"வாழ்க்கைத் துணைவி" என்று படித்தபோது இளையவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அந்தச் சொல் போடலாமா என்று மூத்தவர் என்னைக் கேட்டார். போடலாம். அந்தச் சொல்லால் சட்டப்படி கூடுதலாக எதுவும் கிடைக்காது, ஆனால் நாளைக்கு உயிலைப் படிக்கும் நீதிபதிக்கு ஏன் இப்படி எழுதினார் என்று ஒரே சொல்லில் விளங்கும். அந்தச் சொல் வேண்டாம், சிநேகிதி என்றே போடுங்கள் என்று கேட்பவர்களுக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவரவர் தெருவை அவரவர்தான் அறிவார்.

உயில் எதற்கு, உயிரோடு இருக்கும்போதே சொத்தை இனாமாக மாற்றித் தரும் செட்டில்மெண்டை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று சிலர் அவசரப்படுவார்கள். நில்லுங்கள். குடும்ப உறவுக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. உறவில்லாதவருக்கு எழுதினால் 7 சதவீதம், உச்சவரம்பு கிடையாது. இருபது லட்ச ரூபாய் வீட்டுக்கு மனைவி என்றால் 20,000. வாழ்க்கைத் துணைவி என்றால் 1,40,000. பதிவுக் கட்டணம் தனி. அதோடு முடியவில்லை. உறவல்லாதவரிடமிருந்து ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சொத்தை இனாமாக வாங்கினால் அது வாங்கியவரின் வருமானமாகக் கணக்காகி வரி வரும். உயில் மூலம் வந்தால் அந்த வரி இல்லை. கல்யாணம் என்ற ஒரு காகிதம் இல்லாததற்கு ஒரு இணை கொடுக்கும் விலையை ரூபாயில் பார்க்க வேண்டுமென்றால் என் மேசைக்கு வாருங்கள், கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரே தாள், மூன்று மதம்

இங்கேதான் மதம் உள்ளே வருகிறது. உயில் எழுத வருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க என்ன மதம்?" கேட்காமல் எழுத முடியாது.

இந்து என்றாலும் கிறிஸ்தவர் என்றாலும் சுயமாகச் சம்பாதித்த சொத்து முழுவதையும் விருப்பப்பட்டவருக்கு எழுதலாம். முஸ்லிம் என்றால், அடக்கச் செலவும் கடனும் போக மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால் வாரிசுகள் சம்மதிக்காமல் செல்லாது. அப்படிப்பட்டவருக்கு ஹிபா என்ற தானம்தான் வழி. கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும், வாங்கிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும், சொத்தின் சுவாதீனத்தை உயிரோடு இருக்கும்போதே ஒப்படைக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நிற்காது. சாவியை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டு வரி ரசீது பழைய பெயரிலேயே ஓடினால் பின்னால் வம்பு.

மதம் வேண்டாம் என்பவர்களுக்கென்று சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறதே என்று கேட்பார்கள். 1872இல் வந்த பழைய சட்டத்தில் தன் மதத்தைச் சேர்ந்தவனில்லை என்று சொன்னால்தான் கல்யாணம். 1954இல் வந்த சட்டம் அந்த நிபந்தனையை எடுத்தது. அதன் 4ஆம் பிரிவு "எவரேனும் இரு நபர்கள்" என்றுதான் தொடங்குகிறது. படிக்கும்போது கதவு திறந்துவிட்டது போலத்தான் இருக்கும். அடுத்த வரிகளில் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று வயது வரும். யார் யாரை மணக்கக் கூடாது என்ற உறவுப் பட்டியலும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பின்னால் இருக்கிறது. 1976இல் 21ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. மணந்த இருவரும் இந்துக்கள் என்றால் வாரிசுரிமைக்குத் திரும்பவும் இந்து வாரிசுரிமைச் சட்டமே. மதம் இல்லாத வாசலில் நுழைந்தாலும் உள்ளே போனால் பழைய கூடம்தான். ஒரு சொல்லை மாற்றினால் போதாது, இந்த நூல் அத்தனையையும் பிரித்துக் கோக்க வேண்டும், அது எங்கள் வேலை இல்லை என்று 2023 தீர்ப்பின் பெரும்பான்மை சொன்னதற்கு இந்தப் பின்னல் ஒரு முக்கியக் காரணம்.

நாடாளுமன்றத்தால் முடியுமா? தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தால் முடிந்திருக்கிறது. அதன் பலனைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான்.

என் அப்பாவும் அம்மாவும் 1959இல் மாமா வீட்டுத் திண்ணையில் மாலை மாற்றிக்கொண்டவர்கள். ஐயர் இல்லை, அக்கினி இல்லை, ஏழடி நடக்கவில்லை. 1928இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் தொடங்கிய சுயமரியாதைத் திருமணம் அப்போது எங்கள் பக்கத்தில் பரவலாக நடந்தது. ஆனால் 1953இலேயே சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கல்யாணம் செல்லாது என்று சொல்லியிருந்தது. 1965இல் அப்பா காய்ச்சலில் போனார். எனக்கு ஒன்றரை வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அப்பாவின் பங்காளி ஒருவர், "அவ பொண்டாட்டி இல்ல, வச்சிருந்தவ" என்று சொல்லி வீட்டைக் கேட்டு வழக்குப் போட்டார். அம்மாவிடம் இருந்தது கல்யாண அழைப்பிதழ் ஒன்றுதான்.

1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சட்டமன்றம் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உற்றார், நண்பர்கள் அல்லது வேறு யாராவது முன்னிலையில் இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் போதும். மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். அதற்கு முன்னால் நடந்த கல்யாணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று எழுதினார்கள். அந்த வரியில் என் அம்மா மனைவியானார். நான் மகளானேன். வழக்கு நிற்கவில்லை.

அம்மா அந்த அழைப்பிதழைப் பூசையறையில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். சாகும்வரை வருடா வருடம் பழனிக்கு நடந்தவர். இப்போது நான் நடக்கிறேன். சட்டத்திலிருந்து அக்கினியை எடுத்ததால் எங்கள் வீட்டு விளக்கு அணையவில்லை. ஐயரை வைத்துக் கல்யாணம் செய்பவர்கள் இன்றைக்கும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒன்றும் குறையவில்லை.

அந்த 7ஏ பிரிவும் "இரு இந்துக்களுக்கிடையே" என்றுதான் தொடங்குகிறது. கணவன், மனைவி என்ற சொற்கள் பின்னால் வருகின்றன. அந்தச் சொற்களைத் திறப்பது இன்னொரு சட்டமன்ற நாளின் வேலை.

வங்கி, பி.எஃப்., ரேஷன் கார்டு

இவை சீக்கிரம் முடிகிற வேலைகள். இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு தொடங்குங்கள், "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில். துணையை நாமினியாகவும் போடுங்கள். இதற்குத் தடையில்லை என்று மத்திய நிதிச் சேவைகள் துறை 2024 ஆகஸ்ட் 28ஆம் தேதி தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மேனேஜர் தயங்கினால் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

ஆனால் நாமினி என்றால் சொந்தக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் அழுதுகொண்டு வந்தவர்களில் பாதிப் பேர் இப்படி நினைத்தவர்கள்தான். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், வாரிசு வந்து கேட்டால் கொடுக்க வேண்டும். நாமினியும் அவரே, உயிலில் வாரிசும் அவரே என்று இருந்தால்தான் பணம் நிற்கும். உயிலில் வங்கியின் பெயரையும் கணக்கு எண்ணையும் எழுதுங்கள்.

பி.எஃப். கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கணவன், மனைவி, பிள்ளைகள், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர் என்று யாராவது இருந்தால் அவர்களைத்தான் போட முடியும். அப்படி யாருமில்லை என்றால் யாரை வேண்டுமானாலும் போடலாம். அண்ணன் தம்பி அந்தக் குடும்பப் பட்டியலில் வர மாட்டார்கள். மூத்தவருக்கு இது தெரியாமல் பதினைந்து வருடமாகத் தம்பி பெயரே இருந்தது. மறுநாளே மாற்றச் சொன்னேன்.

ஒரே ரேஷன் கார்டில் இருவர் பெயரும் இருப்பது நல்ல ஆதாரம். ஒரே பாலின இணைகளை ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்று மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு 2024இல் அறிவுறுத்தியிருக்கிறது. வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் வேண்டும். வீடு வாங்குகிறீர்கள் என்றால் கிரயப் பத்திரத்திலேயே இருவர் பெயரையும் போட்டு யாருக்கு எத்தனை பங்கு என்றும் எழுதிவிடுங்கள், பின்னால் செட்டில்மெண்டுக்கு 7 சதவீதம் அழ வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்கு முன்பே

வயது வந்த, நினைவோடு இருக்கும் நோயாளியின் சிகிச்சைக்கு அவருடைய சம்மதமே போதும். ரத்த உறவு கையெழுத்து என்பது ஆஸ்பத்திரிகளின் பழக்கம். அட்மிஷன் போடும்போதே, "எனக்குப் பேச முடியாத நிலை வந்தால் என் சார்பாக இவரிடம் கேளுங்கள்" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திட்டு கேஸ் ஷீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஐந்து மணி நேரத்தை இது மிச்சப்படுத்தியிருக்கும்.

மனநல சிகிச்சைக்கு 2017ஆம் வருடச் சட்டம் தாராளமாகவே இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வயது வந்த யாரையும் உங்கள் நியமனப் பிரதிநிதியாக்கலாம். உயிர் காக்கும் கருவிகளைப் பற்றி முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணத்துக்கு, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எளிமையாக்கியபடி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெஜட் பதவி அதிகாரி ஒருவரும் போதும். உங்கள் காப்பாளர் என்ற இடத்தில் துணையின் பெயரை எழுதுங்கள்.

பவர் பத்திரம் ஒன்று போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எழுதிக் கொடுத்தவர் சுயநினைவை இழந்தால் அது போய்விடும், இறந்தாலும் போய்விடும். மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது உதவாது. வங்கி வேலை, வாடகை வசூல் போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் நம்பாதீர்கள்.

இருவருக்குள் ஒரு குடும்ப ஒப்பந்தமும் எழுதி வைக்கலாம். யார் எவ்வளவு போட்டார்கள், பிரிந்தால் எப்படி, நோயில் யார் பொறுப்பு என்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில், இப்படிப்பட்ட குடும்ப இணைவு ஆவணத்துக்கு அரசு வழிவகை செய்வதைப் பற்றி யோசிக்கலாம் என்றார். அதற்கு ஒரு சட்டம் வரும்வரை அது இருவருக்கிடையே மட்டும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்தான். ஆனால் இருவரும் எந்த எண்ணத்தோடு வாழ்ந்தார்கள் என்பதற்குத் தேதி போட்ட சாட்சி அது.

வீட்டார் போலீசோடு வந்தால்

இளவயதுக்காரர்களுக்கு இதுதான் முதல் தேவை. காணாமல் போனதாகப் புகார் வந்தாலும், இருவரும் வயது வந்தவர்கள், விருப்பப்பட்டு இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போலீஸ் தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்று ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7ஆம் தேதி உத்தரவிட்டார். மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கு அது. ஒருவரை வீட்டில் அடைத்துவிட்டால் மற்றவர் ஆட்கொணர்வு மனு போடலாம். 2025 மே மாதம் அப்படி ஒரு மனுவில் ஒரு பெண்ணை விடுவித்த இரண்டு நீதிபதிகள், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்று எழுதினார்கள். வயதுச் சான்று, ஆதார் நகல் இரண்டையும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் கைப்பையில் வையுங்கள்.

பெரியவர்களிடம் பேசும் விதம்

காகிதம் எழுத ஒரு நாள், வீட்டில் பேசப் பல வருடம். நான் கண்ட அளவில், சாஸ்திரம் என்ன சொல்கிறது என்ற வாதத்துக்குள் போனால் மீள முடியாது. அவர்களுக்குத் தெரிந்த சுலோகத்துக்கு நீங்கள் ஒரு சுலோகம் தேடுவீர்கள், சோறு ஆறிப்போகும்.

கேள்வியை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். "எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலிச்சா யாரு ஆட்டோ புடிப்பா?" என்று கேளுங்கள். பதில் அவர்களுக்கே தெரியும். அப்படி ஆட்டோ பிடிக்கிறவருக்கு வீட்டில் குடியிருக்க உரிமை வேண்டுமா வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. இதில் சாமிக்கு வேலையே இல்லை.

ஒரே பாலினக் கல்யாணத்துக்குச் சட்டம் வந்தால் அதை நடத்தச் சொல்லிக் கோவிலையும் சர்ச்சையும் கட்டாயப்படுத்துவார்களோ என்ற பயம் நிஜமானது. அதை அலட்சியம் செய்யாதீர்கள், பதில் சொல்லுங்கள். அயர்லாந்து கத்தோலிக்கர்கள் நிறைந்த நாடு. 2015 மே 22ஆம் தேதி மக்கள் வாக்களித்து, நூற்றுக்கு 62 பேர் ஆமாம் என்று சொல்லி, அரசியலமைப்பையே திருத்தினார்கள். எந்தப் பாதிரியாரும் அந்தக் கல்யாணத்தை நடத்தியே தீர வேண்டும் என்று அங்கே சட்டம் இல்லை. இந்துக்கள் பெரும்பான்மையாக இருக்கும் நேபாளத்தில் 2023 நவம்பரில் லம்ஜுங் மாவட்டத்தில் முதல் இணையின் பதிவு நடந்தது. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் சட்டமே வந்துவிட்டது. இந்த மூன்று ஊரிலும் கோவிலும் சர்ச்சும் விகாரையும் தங்கள் வழக்கப்படியே நடக்கின்றன. அரசாங்கப் பேரேட்டில் ஒரு வரி கூடியிருக்கிறது.

என் பெரியம்மாவிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. "உங்க தங்கச்சி கல்யாணத்தையும் செல்லாதுன்னுதானே சொன்னாங்க பெரியம்மா" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு 88 வயது. கொஞ்ச நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ளைங்களுக்கு நல்லா கெட்டியா எழுதிக் குடு" என்றார்.

பதிவு அன்றைக்கு மூத்தவர் போட்டோவுக்கு உட்கார்ந்தபோது, "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று உள்ளே கேட்டிருக்கிறார்கள். உயிலில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் பெருவிரலை வைத்திருக்கிறார். மூலத்தை வங்கி லாக்கரில் வைக்கச் சொன்னேன், லாக்கரும் இருவர் பெயரில். ஒரு நகல் சாட்சியிடம், ஒரு நகல் வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான சிநேகிதரிடம். பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தால், சாவு வீட்டில் முதலில் பீரோவைத் திறப்பவர் யார் என்று யோசியுங்கள்.

கிளம்பும்போது இளையவரிடம் நீங்களும் எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். சொத்துள்ளவர் மட்டும் உயில் எழுதினால் போதும் என்று பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். "என்கிட்ட என்னக்கா இருக்கு" என்று சிரித்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தார். கோடு போட்ட நோட்டுத்தாளில் நான்கு தையல் மிஷின், மூன்று பவுன் சங்கிலி, கட்டி முடியாத ஒரு சீட்டு, பின்பக்கம் நிற்கும் முருங்கை மரம். ஒவ்வொரு மிஷினுக்கும் எதிரே அதன் நம்பரைப் பார்த்து எழுதியிருந்தார்.